கூட்டி எழுதிய வயது

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாரிடமும் முழுதாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன். "ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்வேன். முன்பெல்லாம் அப்படி இல்லை. மனித உடம்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்க்கிறோம், அவற்றைச் சுற்றிக் கம்பிச்சுருள் வைத்து மின்காந்தத் துடிப்பு கொடுக்கிறோம், அதனால் அவை முதுமை அடைவது தள்ளிப்போகிறதா என்று பார்க்கிறோம் என்று ஆசையாக விளக்குவேன். முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். முகத்தில் பூசுகிற மாதிரி எப்போது வரும் என்பார் ஒருவர். முடி கொட்டுவது நிற்குமா என்பார் இன்னொருவர். காந்தப் படுக்கை விற்கிற தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், என் போட்டோவைத் தன் நோட்டீஸில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கூச்சமே இல்லாமல் கேட்டார். கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனாலும் இவர்களை எல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன். என் அம்மா கேட்டதைத்தான் மறக்க முடியவில்லை.

எங்கள் லேப் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தனியார் கல்லூரியில் இருக்கிறது. நான் குடியிருப்பது முதலமடையில், ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டுப் பின்பக்கத்தில் உள்ள ஒற்றை அறையில். பிறந்து வளர்ந்தது சூரியநெல்லிப் பக்கம், மலைமேல் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில். அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறவள். அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. லயத்துக்கு மேலே உள்ள சர்ச் கல்லறையில்தான் இருக்கிறார். நான் ஒரே பிள்ளை.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் கதை புரியாது. ஆபரேஷனில் வெட்டி எறிகிற கொழுப்புத் துண்டுகளை, கொடுப்பவர்களின் சம்மதத்தோடு வாங்கி, அதிலிருந்து செல்களைப் பிரிக்கிறோம். தட்டு நிறைந்ததும் பாதியை வேறு தட்டுக்கு மாற்றுவோம். அது நிறைந்ததும் மறுபடி மாற்றுவோம். ஆரம்பத்தில் செல்கள் மெலிந்து நீளமாக இருக்கும், சுறுசுறுப்பாகப் பெருகும். போகப் போக அகன்று, தட்டையாகி, பிரிவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். அவைதான் கிழடுகள். ஒரு சாயம் விட்டால் அவை மட்டும் நீலமாகும். ஒரு இன்குபேட்டரில் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் உண்டு. இன்னொன்றில் அதே சுருள், மின்சாரம் கிடையாது. இரண்டு பக்கமும் நீலத்தை எண்ணிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மின்சாரம் ஓடிய பக்கத்தில் நீலம் குறைவாக இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சில முறை வித்தியாசமே இல்லாமலும் போயிருக்கிறது. தட்டில் நடப்பது உடம்புக்குள் நடக்குமா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. எண்ணி முடித்ததும் இரண்டு பக்கத்துச் செல்களையும் ப்ளீச் ஊற்றிக் கொன்றுவிடுவோம். இளமையாக இருந்தது என்பதற்காக எதையும் தனியாக எடுத்து வைப்பதில்லை.

இனி அம்மாவின் வயது. எஸ்டேட்டில் வயது என்பது பிறந்த நாளிலிருந்து எண்ணுவது அல்ல. வேலைக்குப் பேர் பதிகிற நாளில் எழுதுவது. அம்மா பேர் பதிந்தபோது அவளுக்குப் பதினைந்து. பதினெட்டு என்று எழுதினால்தான் முழுச் சம்பளம், பெர்மனென்ட். ஆகவே அவள் வீட்டார் பதினெட்டு என்றார்கள், ஆபீஸும் பதினெட்டு என்று எழுதிக்கொண்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தக் காலத்தில் பாதிப் பெண்களுக்கு இப்படித்தான் எழுதினார்கள், எழுதினவருக்கும் தெரியும். அம்மா மூன்றாவது வரை படித்த எஸ்டேட் பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. ஞானஸ்நானம் வாங்கியதே கல்யாணத்தின்போது. அங்கேயும் எஸ்டேட் வயதைத்தான் சொன்னார்கள். ஆதார் அட்டையிலும் அதுவே ஏறிவிட்டது. ஆக, பூமியில் எந்தக் காகிதத்திலும் அம்மாவுக்கு அவளுடைய சொந்த வயது இல்லை.

நாற்பது வருடம் அந்த மூன்று வருடத்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஐம்பத்தெட்டில் ரிட்டயர் என்பதுதான் தொந்தரவு. வருகிற ஜூனில் உனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சின்னக்கானலில் அம்மாவின் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள். இருவரும் ஒரே மழைக்காலத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு தாமதமாகப் பேர் பதிந்ததால் சரியான வயதை எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை.

வேலை போனால் வீடும் போய்விடும். லயத்து வீடு வேலைக்காரருக்குத்தான் சொந்தம், அதுவும் வேலை செய்கிற வரைக்கும். பிள்ளைகளில் ஒருவர் அந்த வேலைக்குப் பேர் பதிந்தால் வீடு தங்கும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் வீட்டில் பேர் பதிய இருப்பது நான் ஒருத்தி மட்டுமே. எனக்கு ஆராய்ச்சி முடிய இன்னும் மூன்று வருடம் ஆகும். ஆகவே அம்மாவுக்குத் தேவைப்பட்டது அந்த மூன்று வருடம்தான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனபோது, அடுப்படியில் உட்கார்ந்து, போனில் என் செல்களின் படங்களை அவளுக்குக் காட்டினேன்.

"ஏ புள்ள, இதுல கெழடு எது?" என்றாள்.

"நீலமா இருக்குறதெல்லாம்."

"அப்ப செல்லப் பாத்தா வயசு தெரிஞ்சிருமாக்கும்?"

"ஒரு மாதிரி தெரியும்மா."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப என் ஒடம்புலருந்து என்ன வேணுமோ எடுத்துக்க. ரத்தமோ, சதையோ. எடுத்துப் பாத்து, இவளுக்கு அம்பத்தஞ்சுதான் ஆகப்போகுதுன்னு ஒங்க மேடத்துகிட்ட கையெழுத்து வாங்கி ஒரு லெட்டர் கொண்டா. ஆபீஸ்ல குடுப்போம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்காகவா கேக்குறேன்? நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் வீடு இருக்கட்டும். பெறகு எவன் வேணாலும் பூட்டிக்கிட்டும்."

அந்தச் செல் வயது வேறு, வருடக் கணக்கில் எண்ணும் வயது வேறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ஒரு மாதிரி தெரியும்னு நீதான சொன்ன" என்று பிடித்த பிடியில் நின்றாள். சரி, கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மலை இறங்கினேன்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான மேடம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பெரிய தோட்டக்காரர் குடும்பம். நல்ல மனசு, ஓட்டை வாய். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏங்கண்ணு, நம்ம லேபு என்ன ஜோசியக்காரன் ஊடா? பொறந்த வருசத்தக் கண்டுபுடிக்க முடியாதுன்னு உனக்கே தெரியுமல்லோ!"

பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "அப்படியே பாத்தாலும் உங்கம்மாளுக்கு நல்லதா வரும்னு நெனைக்கறயா? நாப்பது வருசம் மழையிலயும் குளுருலயும் பாடுபட்ட ஒடம்பு கண்ணு அது. செல்லு வயசக் கூட்டித்தான் காட்டும். கொறச்சுக் காட்டாது."

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் வந்திருக்காது. அடிவாரத்து ஏசி அறையில் உட்கார்ந்து நீலத்தை எண்ணுகிற எனக்கு இது முதலிலேயே தெரியும். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்கத்தான் பிடிக்கவில்லை.

அதே வாரம் கல்லூரிக்குப் பணம் கொடுக்கிற பெரியவர் ஒருவர் லேபைப் பார்க்க வந்தார். எழுபத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, கமகமவென்று சென்ட் வாசனை. மேடம் கம்பிச்சுருளைக் காட்டி விளக்கியதும் தன் கையை அதற்குள் நீட்டி, "எனக்கும் ரெண்டு சுத்து உட்டு உடுங்க, பேரன் கண்ணாலத்தப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கை மழமழவென்று இருந்தது. அந்தக் கைக்கு எந்த அவசரமும் இல்லை. அவரை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. உலகத்தில் இளமையாக இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாம் இப்படிப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். எங்கள் சுருளும் அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போகும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மாவிடம், சட்டத்தில் செல்லாது, லெட்டர் தர மாட்டார்கள் என்று போனில் சொன்னேன். மேடம் சொன்ன இரண்டாவது காரணத்தைச் சொல்லவில்லை. அவள், "சரி, நான் பாத்துக்கிடுறேன்" என்றாள். அம்மா அப்படிச் சொன்னால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

யூனியன் தலைவரிடம் போயிருக்கிறாள். அவர், "எலும்ப எக்ஸ்ரே எடுத்தா வயசு தெரிஞ்சிரும், கோர்ட்டே ஒத்துக்கிடும்" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் எலும்பு பார்த்து என்ன வயது சொல்கிறார்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆபீஸில் அபேட்சை மனு எழுதிக் கொடுத்தார்கள். எதற்கெடுத்தாலும் மாதக்கணக்கில் ஆறப்போடுகிற ஆபீஸ், இதற்கு மட்டும் உடனே சரி என்றது. அதைக் கேட்டதுமே அம்மாவைக் கூப்பிட்டேன்.

போனில் கத்தினேன். "அம்மா, வளர்ற பிள்ளைகளுக்குத்தான் எலும்புல வயசு தெரியும். வளந்தவங்களுக்கு எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்குன்னுதான் தெரியும். தயவுசெஞ்சு போகாத."

"தேஞ்சா தேஞ்சிட்டுப் போகுது. என் எலும்பு எனக்குத் தெரியாதா? முட்டிவலி கூட எனக்குக் கெடையாது."

பச்சைப் பொய். நான் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

"நீ சொன்னல்ல, ஒரு மாதிரி தெரியும்னு. ஒரு மாதிரி தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்று வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அறுபதுக்கு மேல், அறுபத்தைந்துக்குள் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதின டாக்டரை நான் திட்ட மாட்டேன். ஊருக்குப் போனதும் அந்த ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நானும் பார்த்தேன். கழுத்து எலும்புகளின் ஓரமெல்லாம் முள் முள்ளாக வளர்ந்திருந்தது. பதினைந்து வயதிலிருந்து கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, நிறுக்கிற இடத்துக்குச் சரிவில் ஏறி இறங்கின கழுத்து. முட்டியில் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு பக்கம் இல்லவே இல்லை. யார் பார்த்தாலும் அறுபதுக்கு மேல் என்றுதான் சொல்வார்கள். யாருடையது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பேர் பதிந்த நாளில் மூன்று வருடத்தைப் பொய்யாகக் கூட்டி எழுதினார்கள். அதன் பிறகு அவளிடம் வாங்கின வேலை அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டது. அதற்கு மேலும் சில வருடங்களை ஏற்றிவிட்டது. நாங்கள் தட்டில் இருக்கிற செல்லுக்கு மின்காந்தம் கொடுத்து நாலைந்து தடவை கூடுதலாகப் பிரிய வைத்துவிட்டு, முதுமையைத் தள்ளிப்போட்டோம் என்று மேடையில் படம் போட்டுக் காட்டுகிறோம். முதுமையை முன்னால் இழுத்துப் போடுகிற வேலையை எஸ்டேட்டு ஒரு மெஷினும் இல்லாமல் நாற்பது வருடமாக எங்கள் லயத்தில் செய்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் படம் போடவில்லை. வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

ஆபீஸில் ஃபீல்டு ஆபீசர் மிகவும் மரியாதையாகப் பேசினார். டாக்டர் சொல்வதைப் பார்த்தால் அம்மா இரண்டு வருடம் முன்பே போயிருக்க வேண்டும், அந்த வருடங்களின் சம்பளத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம், ஜூன் வரைக்கும் போகாமல் இந்த மார்ச்சோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். மூன்று வருடம் கேட்கப் போனவள், கையில் இருந்த மூன்று மாதத்தையும் கொடுத்துவிட்டு வந்தாள். யூனியன் தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஃபீல்டு ஆபீசர் என் பக்கம் திரும்பி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "மோளுக்கு இங்க ஜோலி போட்டுத் தரலாம். வீடு நிங்கள்டே கையிலயே இருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "அவ வர மாட்டா."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, அதற்கு அவள் இடமே வைக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஆபீஸ் வாசலில் மாலை போட்டார்கள். அம்மாவோடு இன்னும் இரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு குடையும் ஒரு சில்வர் குடமும் கொடுத்தார்கள். மேனேஜர் இரண்டு வார்த்தை பேசினார். இந்த அம்மாவின் மகள் வயதாகாமல் இருக்க மின்சார வைத்தியம் கண்டுபிடிக்கிறாள், எஸ்டேட்டுக்கே பெருமை, சீக்கிரம் கண்டுபிடித்து எங்களுக்கும் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. மாலையோடு நின்ற அம்மாவும் சிரித்தாள். எனக்கு அந்தக் குடத்தை எடுத்து எங்காவது எறிய வேண்டும் போல இருந்தது.

ஜீப்பில் சாமான் ஏற்றி மலை இறங்கும்போது, "நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்ன? ஒன்னயத்தான அவரு பெருமையாச் சொன்னாரு" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள்.

முதலமடையில் என் ஒற்றை அறைக்குள் அம்மா வந்து சேர்ந்தாள். அப்போது மாங்காய் சீசன். லாரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. வெயில் அவளுக்குப் புதிது. ஒரு நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள், அடுத்த நாள் உட்கார முடியவில்லை. பக்கத்து மாங்காய் ஷெட்டில் தரம் பிரிக்கப் பெண்கள் வேண்டும் என்று வீட்டுக்காரம்மாள் சொன்னதைக் கேட்டுப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று பின்னாலேயே போனேன்.

ஷெட்டில் மேஸ்திரி ஒரு நடுத்தர வயதுக்காரர். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசு என்னங்க ஆச்சு?"

வேலை கொடுக்கிற ஒருவரிடம் என் அம்மா தன் உண்மையான வயதை முதல் முறையாகச் சொன்னாள். நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"அம்பத்தஞ்சுய்யா."

அவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சும்மா கேலி. "ஏனுங்க, எங்கம்மாளாட்ட இருந்துட்டு அம்பத்தஞ்சுங்கறீங்க! இந்தப் பொம்பளைங்களே இப்பிடித்தானுங்க, வயசக் கேட்டாக் கொறச்சுத்தான் சொல்லுவீங்க."

மாங்காய்க் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டாள்.

"சரிய்யா, அறுபதுன்னே வச்சுக்கிடுங்க. வேல உண்டுமா?"